மோட்டார்ஹோம் கேஸ் லாக்கர்: கதவ திறக்கறதுல இருந்து சிலிண்டர் மாத்தற வரைக்கும்

நாங்க செகண்ட் ஹேண்ட்ல மோட்டார்ஹோம், அதாவது உள்ளயே சமைச்சு தூங்கற வண்டி, வாங்கி ரெண்டாவது ட்ரிப், இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் இந்த மாதிரி வண்டிங்க நிறுத்தி தங்கற ஒரு சைட், சாயங்காலம் தூறல். என் வைஃப் ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்தவ திடீர்னு "கேஸ் நாத்தம் அடிக்குதுங்க"ன்னா. அடுப்பு ஆஃப்ல தான் இருக்கு. வெளிய போய் சிலிண்டர் வைக்கற பொட்டிய, அதான் கேஸ் லாக்கர, திறக்கலாம்னா சாவி வேற கொத்துல இருக்கு, அந்தக் கொத்து எந்த ஜாக்கெட்ல இருக்குன்னு தெரியல. தேடி எடுத்துட்டு போனா வண்டிய கல் சுவத்துக்கு ஒன்றரை அடி தள்ளி நிறுத்தியிருக்கேன், மேல கீல் வச்ச கதவு பாதி தான் தூக்குது, உள்ள சிலிண்டருக்கு முன்னாடி வீல் ராம்ப், தண்ணி ஹோஸ், மடக்கு சேர் ரெண்டு. எல்லாத்தையும் இழுத்து போட்டு வால்வ மூட அஞ்சு நிமிஷம் ஆச்சு. முந்தின வாரம் மாத்தின சிலிண்டர் நட்டு சரியா டைட் ஆகல, அங்க இருந்து கசிஞ்ச கேஸ் காத்துல அடிச்சு மேல திறந்திருந்த ஜன்னல் வழியா உள்ள வந்திருக்கு. ஒண்ணும் ஆகல. ஆனா அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் மனசுல இருக்கு, அன்னில இருந்து லாக்கர் விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பா இருக்கேன்.

இது புதுசா மோட்டார்ஹோமோ கேம்பர்வேனோ வாங்கினவங்களுக்கும், லீவுக்கு வாடகைக்கு எடுக்கறவங்களுக்கும் எழுதறேன். நான் சொல்றது யூகேல ஓடற வண்டிங்கள வச்சு, ஐரோப்பிய வண்டிங்களும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான். என் கணக்கு ஒண்ணே ஒண்ணு: வண்டில இருக்கற யாரா இருந்தாலும், ராத்திரி இருட்டுலயும், பத்து செகண்டுல சிலிண்டர் வால்வு மேல கை வைக்கணும். அத மனசுல வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் பாப்போம்.

மொதல்ல லாக்கர் எங்க இருக்குன்னு பாருங்க

பெரிய மோட்டார்ஹோம்ல வெளிப்பக்கம் பாடில சின்னதா பூட்டு வச்ச ஒரு கதவு இருக்கும், அத திறந்தா ரெண்டு சிலிண்டர் நிக்கற அளவு இடம். வேன மாத்தி பண்ண கேம்பர்ல பின்கதவ திறந்தா உள்ள ஒரு பொட்டி மாதிரி இருக்கும். வி.டபிள்யூ கலிஃபோர்னியா மாதிரி சின்ன வண்டில 2.75 கிலோ கேம்பிங்காஸ் சிலிண்டர் பின்னாடி அலமாரிக்குள்ள உக்காந்திருக்கும். சில வண்டில சிலிண்டரே கெடையாது, அடில டேங்க் தொங்கும், அதுக்கு மூடற வால்வு எங்க இருக்குன்னு வாங்கறப்பவே விக்கறவர குனிஞ்சு காட்ட சொல்லுங்க. வாடகை வண்டினாலும் இதே தான், சாவி குடுக்கற ஆள் டிவி எப்படி போடறதுன்னு காட்டறதுக்கு முன்னாடி இத காட்டணும்.

இந்த லாக்கர் ஒரு சாதாரண டிக்கி கெடையாது. நாம தூங்கற சாப்பிடற எடத்துக்கும் அதுக்கும் நடுவுல காத்து கூட போகாத அளவு மூடியிருக்கணும், அதே சமயம் அடில வெளியுலகத்துக்கு திறந்திருக்கணும். ஏன்னா எல்பிஜி காத்த விட கனம். ப்ரோப்பேன் சுமாரா ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி கீழ எறங்கி பள்ளத்துல தேங்கும். காத்துல ரெண்டு சதவீதம் சேந்தாலே போதும், ஒரு பொறி பட்டா பிடிக்கும். நம்ம ஊர் வீட்டுல கேஸ் நாத்தம் அடிச்சா கதவு ஜன்னல திறக்க சொல்லுவாங்க, கீழ இருக்கற கேஸ் வாசப்படி வழியா வெளிய போகணும்னு தான். வண்டில தரை மட்டத்துல கதவு இல்ல, படி ஏறி தான் உள்ள போறோம், அதனால கேஸ் உள்ள எறங்கிட்டா ஒரு தொட்டில நிக்கற மாதிரி தேங்கிடும்.

இதுக்கு ஐரோப்பால ஈஎன் 1949னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. சிலிண்டர வண்டிக்குள்ள இருந்து எடுக்கற மாதிரி கதவு வச்சிருந்தா அந்தக் கதவோட அடி விளிம்பு லாக்கர் தரைல இருந்து குறைஞ்சது 50 மில்லிமீட்டர் ஒசரத்துல இருக்கணும்னு அதுல இருக்கு, காரணம் இதே தான், கீழ தேங்கற கேஸ் கதவ திறந்த உடனே காலடில கொட்டிடக்கூடாது. செகண்ட் ஹேண்ட் வண்டில, அதுவும் யாரோ வீட்டுலயே மாத்தி கட்டின வேன்ல, இத கண்டிப்பா அளந்து பாருங்க.

லாக்கர் சரியா மூடியிருக்கான்னு பாக்க நான் பண்ற வழி இது. இருட்டினதும் வண்டிக்குள்ள எல்லா லைட்டையும் போட்டுட்டு, அலமாரிக் கதவெல்லாம் திறந்து வச்சிட்டு, வெளிய வந்து கேஸ் லாக்கர் கதவ திறந்து உள்ள தலைய விட்டு பாருங்க. எங்கயாவது வெளிச்சம் கீறலா தெரிஞ்சா அந்த வழியா கேஸ் உள்ள போகும். எங்க வண்டில பைப் போற ஓட்டைல ரப்பர் காஞ்சு விட்டுப்போய் ஒரு விரல் நொழையற அளவு வெளிச்சம் வந்துச்சு, முன்னாடி வச்சிருந்தவர் அதுலயே ஒரு ஒயரையும் இழுத்து விட்டிருந்தார். டார்ச்ச லாக்கர்க்குள்ள வச்சு உள்ள இருந்து பாக்கலாமேன்னு கேப்பீங்க, வேணாம், லாக்கர்க்குள்ள எரியற எதையும் வைக்காத பழக்கம் மொதல் நாள்ல இருந்தே வரட்டும்.

அடில இருக்கற ஓட்டை

லாக்கர் தரைல கம்பி வலை வச்ச ஓட்டை இருக்கும், டிராப் வென்ட்னு சொல்லுவாங்க. புதுசா வாங்கினவங்க நெறைய பேர் குளிர் வருது, எலி வருது, சேறு தெறிக்குதுன்னு அத அடைச்சிடறாங்க, இல்ல சிலிண்டர் ஆடாம இருக்க ரப்பர் மேட்ட வெட்டி மேல போட்டுடறாங்க. அது தான் உயிர காப்பாத்தற ஓட்டை, தயவு செஞ்சு தொடாதீங்க.

அளவுக்கும் கணக்கு இருக்கு. வென்ட் கீழ மட்டும் இருந்தா லாக்கர் தரைப் பரப்புல ரெண்டு சதவீதம், அதுவும் எவ்வளவு சின்ன லாக்கரா இருந்தாலும் 100 சதுர சென்டிமீட்டருக்கு குறையக்கூடாது. மேலயும் கீழயும் ரெண்டு எடத்துல இருந்தா ஒவ்வொண்ணும் ஒரு சதவீதம், குறைஞ்சது 50 சதுர சென்டிமீட்டர். உதாரணத்துக்கு லாக்கர் தரை 40க்கு 70 சென்டிமீட்டர்னா 2800 சதுர சென்டிமீட்டர், அதுல ரெண்டு சதவீதம் 56 தான் வருது, ஆனாலும் 100 வேணும், அதாவது பத்துக்கு பத்து ஓட்டை. இதுல வலைக் கம்பி அடைக்கற எடத்த கழிச்சிட்டு மிச்சம் திறந்திருக்கறது தான் கணக்கு. எலி வலை நெருக்கமா அடிச்சா பாதி போயிடும்.

ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன்னாடி குனிஞ்சு வண்டி அடில இருந்து பாத்துடுங்க. இலை, காஞ்ச சேறு, சிலந்திக் கூடு எல்லாம் வந்து அடையும். பனி பெஞ்ச எடத்துல நிறுத்தினா காலைல சக்கரத்த சுத்தி பனி ஏறி வென்ட் வாய அடைச்சிருக்கான்னு பாத்து தள்ளி விடுங்க.

லாக்கர்ல கேஸ் மட்டும்

இத சொன்னா எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "அவ்வளவு இடம் சும்மா கெடக்கே"ன்னு கேக்கறாங்க. வண்டில இடம் எவ்வளவு அருமைன்னு எனக்கும் தெரியும், ஆனாலும் லாக்கர்ல சிலிண்டர், அத கட்டற பெல்ட், ரெகுலேட்டர், ஹோஸ், ஒரு ஸ்பேனர், இதத் தவிர எதுவும் வேணாம். கரண்ட் கேபிள் ரீல் கூடவே கூடாது, அது வால்வ இடிக்கும், ஹோஸ்ல சிக்கும், இழுக்கறப்ப ஜாயிண்ட்ட ஆட்டி விடும். பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர், சுவிட்ச், சாதா லைட்டு, பொறி வரக்கூடிய எதுவும் உள்ள இருக்கக் கூடாது. எங்க வண்டில முன்னாடி இருந்தவர் லாக்கர்க்குள்ள ஒரு சின்ன 12 வோல்ட் லைட்டு மாட்டியிருந்தார், அத மொத வேலையா கழட்டிட்டேன். ராத்திரி பாக்கணும்னா நெத்தில மாட்டற டார்ச்ச கதவ திறக்கறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணிட்டு போங்க, கேஸ் நாத்தம் அடிக்கற எடத்துல நின்னுக்கிட்டு சுவிட்ச அமுக்காதீங்க.

பெல்ட்டு முக்கியம். சிலிண்டர் எப்பவும் நேரா, வால்வு மேல பாத்து நிக்கணும். சாஞ்சா திரவமாவே கேஸ் ரெகுலேட்டருக்குள்ள போகும், அது ஆவியாறப்ப சுமாரா 250 மடங்கு பெருகும், அடுப்புல ஜ்வாலை கட்டுக்கடங்காம எழும். இடம் பத்தலன்னு ஸ்பேர் சிலிண்டர பாத்ரூம்ல, கட்டிலுக்கு அடில, பின்னாடி சைக்கிள் வைக்கற கராஜ்ல படுக்க போட்டு கொண்டு போறத நான் நேர்லயே பாத்திருக்கேன். லாக்கர்ல எத்தன நிக்குமோ அத்தன தான்.

சாவியும் பார்க்கிங்கும்

சாவிய பத்தி யாரும் பேசறதே இல்ல. நாங்க இப்ப ஏறற வாசலுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி மாட்டி, லாக்கர் சாவிய செவப்பு ரிப்பன் கட்டி அதுல மட்டும் தான் தொங்க விடறோம், வேற எந்த சாவியும் அதுல கெடையாது. சைட்டுல நிக்கறப்ப சில பேர் லாக்கர பூட்டறதே இல்ல, சும்மா சாத்தி வைக்கறாங்க, ஆள் நடமாட்டம் பாத்து முடிவு பண்ணிக்குங்க. பூட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவ கிராஃபைட் பவுடர் போடுங்க, மழையும் உப்புக் காத்தும் பட்டு பூட்டு இறுகி, சாவி உள்ளயே முறிஞ்ச கதை எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு நடந்திருக்கு.

வண்டிய நிறுத்தறப்ப கேஸ் லாக்கர் இருக்கற பக்கம் கதவு முழுசா திறந்து, ஒரு ஆள் மண்டி போட்டு உக்காந்து, சிலிண்டர வெளிய இழுக்க இடம் இருக்கணும். யூகே சைட்டுகள்ல ரெண்டு வண்டிக்கு நடுவுல 6 மீட்டர் விடணும்னு ரூல் இருக்கறதால பக்கத்து வண்டி பிரச்சனை வராது, வேலியும் சுவரும் தான் பிரச்சனை. ஆனிங், அதாவது வண்டி பக்கத்துல இழுத்து விடற துணிப் பந்தல், போட்டு அதுக்கு துணிச் சுவரும் கட்டறவங்க லாக்கரோட அடி வென்ட் அந்தத் துணிக்குள்ள வருதான்னு பாருங்க, வந்தா கசியற கேஸ் நீங்க உக்காந்திருக்கற கூடாரத்துக்குள்ள தான் தேங்கும். பார்பிக்யூ அடுப்ப லாக்கர் பக்கம் வைக்காதீங்க, ஜெனரேட்டரும் தான்.

குடும்பத்துல எல்லாரையும் ஒரு தடவ செய்ய வைங்க. எங்க பொண்ணுக்கு பதினொரு வயசு, சாவி எடுத்து, கதவ தூக்கி, வால்வ வலது பக்கம் திருப்பி மூடறது வரைக்கும் அவளுக்குத் தெரியும். கதவ தாங்கற கம்பி காத்துல விட்டுப் போகுதான்னும் பாத்துக்குங்க, கதவு தலைல விழும்.

எந்த சிலிண்டர்

யூகேல கேலர் கம்பெனி சிலிண்டர் தான் எங்கயும் கண்ணுல படும், நீலம்னா பியூட்டேன், செவப்புன்னா ப்ரோப்பேன். பியூட்டேன் கொதிநிலை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி, அதனால குளிர்ல உள்ள திரவம் இருந்தும் கேஸா வராது. ப்ரோப்பேனுக்கு மைனஸ் 42. மார்ச் மாசம் பீக் டிஸ்ட்ரிக்ட்ல ஒரு உறைபனி காலைல சிலிண்டர ஆட்டினா தளதளன்னு சத்தம் கேக்குது, ஆனா டீ போட அடுப்பு எரியல. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, வருஷம் முழுக்க ப்ரோப்பேன் வாங்கிடுங்க. எரியலன்னு சிலிண்டர சுடுதண்ணி ஊத்தியோ ஹேர் டிரையர் வச்சோ சூடு பண்ற வேலை மட்டும் வேணாம்.

கனத்தையும் யோசிங்க. நம்ம ஊர் வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ், அத டெலிவரி அண்ணன் தோள்ல தூக்கிட்டு வந்துடுவார், இங்க நாம தான் குனிஞ்சு குறுகலான பொட்டிக்குள்ள தூக்கி வைக்கணும். 6 கிலோ ப்ரோப்பேன் இரும்பு சிலிண்டரோட சேத்து 15 கிலோ கிட்ட வரும், 13 கிலோ சைஸ் 25 கிலோவத் தாண்டிடும். ரெண்டு 6 கிலோ வச்சுக்கறது முதுகுக்கும் நல்லது, ஒண்ணு தீந்தா இன்னொண்ணு இருக்கும். எவ்வளவு நாள் வரும்னு கேப்பீங்க: ட்ரூமா கம்பெனியோட காம்பி 4 ஹீட்டர் ஃபுல்லா ஓடினா மணிக்கு 320 கிராம் குடிக்கும், அப்ப 6 கிலோ பதினெட்டு பத்தொம்போது மணி நேரம். குளிர்காலத்துல சைட்டுல கரண்ட் கனெக்‌ஷன் எடுத்து ஹீட்டர கரண்ட்ல ஓட்டினா, ஹீட்டர் மாடல் அதுக்கு ஒத்து வந்தா, சிலிண்டர் மாத்தற வேலையே பாதியா குறையும்.

பெட்ரோல் பங்குல நாமளே நிரப்பிக்கற சிலிண்டரும் இருக்கு, கேஸ்லோ மாதிரி. 80 சதவீதத்துல தானா நிக்கற வால்வு உள்ள ஒண்ணு தான் வாங்கணும், வெளிச் சுவத்துல நிரப்பற வாய் வச்சிட்டா லாக்கர திறக்கற வேலையே அபூர்வமா தான் வரும். சாதா சிலிண்டர எடுத்துட்டு போய் பங்குல நிரப்ப பாக்காதீங்க, 80ல நிறுத்தற வால்வு அதுல இல்ல, வெயில்ல விரிய உள்ள இடமில்லாம போயிடும்.

மாத்தறது, ஒவ்வொரு படியா

பகல்ல, மழை இல்லாதப்ப பண்ணுங்க. சுத்தி சிகரெட், பார்பிக்யூ, மெழுகுவத்தி எதுவும் இல்லன்னு பாருங்க, லாக்கருக்கு மேல இருக்கற ஜன்னல சாத்துங்க. உள்ள போய் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெந்நீர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஃபிரிட்ஜ நெறைய பேர் மறந்துடறாங்க, அதுக்குள்ள சின்னதா ஒரு ஜ்வாலை எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆட்டோ மோட்ல இருந்தா அதுவா திரும்ப பத்த வைக்கவும் பாக்கும்.

அப்பறம் லாக்கர திறந்து ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. மூக்குக்கு ஏதாவது படுதா. இல்லன்னா சிலிண்டர் வால்வ மூடுங்க, ரெண்டு இருந்தா ரெண்டையும். காலின்னு நெனச்சாலும் மூடணும், காலி சிலிண்டர்லயும் கொஞ்சம் கேஸ் நிக்கும்.

இப்ப நட்டு. இங்க தான் எல்லாரும் தடுமாறறது, நானும் தடுமாறினது. ப்ரோப்பேன் நட்டுல மரை எடது பக்க மரை. நட்டோட மூலைகள்ல சின்னதா வெட்டு போட்டிருக்கும், அந்த வெட்டு இருந்தா எடது மரைன்னு அர்த்தம். ஹோஸ் பக்கம் இருந்து நட்ட பாத்தபடி நின்னா, கடிகாரம் சுத்தற பக்கம் திருப்பினா கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினா இறுகும். நான் ஞாபகம் வச்சுக்கறது இப்படி: வால்வ மூடறதும் வலம், நட்ட கழட்டறதும் வலம், கோயில் சுத்தற மாதிரி. மாட்டறப்ப நட்ட இறுக்கறதும் இடம், வால்வ திறக்கறதும் இடம். கழட்டற வரைக்கும் எல்லாம் வலம், மாட்டறப்ப எல்லாம் இடம், அவ்வளவு தான். பழைய சின்ன 4.5 கிலோ பியூட்டேனுக்கும் எடது மரை தான், ஆனா அதுக்கு ஒரு கறுப்பு வாஷர் வேணும். 7 கிலோ, 15 கிலோ பியூட்டேன்ல மரை கெடையாது, நம்ம வீட்டு ரெகுலேட்டர் மாதிரி மேல வச்சு அமுக்கற டைப்.

நட்டு கழண்டதும் ஹோஸ் முனைய தரைல மண்ணுல விடாம மேல சாச்சு வைங்க. காலி சிலிண்டருக்கு மூடிய போட்டு, பெல்ட்ட அவுத்து, முட்டி மடக்கி தூக்கி வெளிய வைங்க. காலியா இருக்கற லாக்கர பாக்கறதுக்கு இது தான் நல்ல சமயம்: வென்ட்ட கையால தடவி குப்பைய தள்ளுங்க, பைப் நொழையற ஓட்டை ரப்பர பாருங்க, தரைல துரு இருக்கான்னு பாருங்க.

புது சிலிண்டர உள்ள வச்சு மொதல்ல பெல்ட்ட கட்டுங்க, அப்பறம் தான் நட்டு. சிலிண்டர் வாய்க்குள்ள மண்ணோ சிலந்தியோ இருக்கான்னு எட்டிப் பாருங்க. ப்ரோப்பேன்ல பித்தளை முனை நேரா பித்தளைல உக்காரும், அதுல ஒரு சின்ன கீறல் விழுந்தா கூட கசியும். நட்ட மொத ரெண்டு சுத்து விரலாலயே போடுங்க, மரை ஏறாம மக்கர் பண்ணா வெளிய எடுத்து திரும்ப வைங்க, பலவந்தம் வேணாம். கைல சுத்தற பெரிய பிளாஸ்டிக் வீல் வச்ச ஹோஸ்னா கை பலமே போதும், வெறும் பித்தளை நட்டுன்னா சரியான சைஸ் ஸ்பேனர் வச்சு இறுக்கணும், கட்டிங் பிளேயர் வேணாம். வெள்ளை டேப் சுத்தறது, பசை தடவறது எதுவும் கூடாது.

வால்வ மெதுவா திறங்க. படார்னு திறந்தா ஹோஸ் அறுந்து போச்சுன்னு நெனச்சு பாதுகாப்பு வால்வு அடைச்சுக்கும், அப்பறம் கேஸே வராது. ட்ரூமா ஹோஸா இருந்தா சிலிண்டர் பக்கம் பச்சை பட்டன் இருக்கும், திறந்தப்பறம் அத ஒரு தடவ அமுக்கி விடணும். விபத்துல தானா மூடிக்கற மோனோகண்ட்ரோல் சிஎஸ் மாதிரி ரெகுலேட்டர்ல மஞ்சள் பட்டன் வேற இருக்கு, பள்ளத்துல வண்டி குதிச்சு ரெகுலேட்டர் தானா மூடியிருந்தா அதையும் அமுக்கணும். புதுசா வந்தவங்க பாதிப் பேர் கேஸ் வரலன்னு பயந்து போறது இந்த ரெண்டு பட்டனால தான்.

அடுத்து கசிவு பாக்கறது. லீக் டிடெக்‌ஷன் ஸ்ப்ரேன்னு விக்கறாங்க, வெலையும் கம்மி, ஒரு டப்பா வருஷக் கணக்கா வரும். பாத்திரம் தேய்க்கற லிக்விட்ல உப்பு இருக்கறதால பித்தளைய அரிக்கும், வேற வழி இல்லாம அது போட்டா கழுவி தொடச்சிடுங்க. நட்டு சுத்தி தாராளமா அடிச்சிட்டு ரெண்டு நிமிஷம் உத்துப் பாருங்க. பெரிய கசிவுன்னா உடனே நுரைக்கும், சின்னதுன்னா நட்டோட ஒரு ஓரத்துல அரிசி அளவு ஒரே ஒரு குமிழி மெதுவா ஊதி நிக்கும், அப்படியே ஒடையாம இருக்கும். அந்த ஒத்தக் குமிழியும் கசிவு தான். தீக்குச்சி கொளுத்தி பாக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க, யாராவது சொன்னா கேக்காதீங்க.

நுரை வரலன்னா உள்ள போய் மொதல்ல அடுப்ப பத்த வைங்க, பைப்ல இருக்கற காத்து அதுல வெளிய போயிடும். அப்பறம் ஃபிரிட்ஜும் ஹீட்டரும், அதுங்க ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணி தான் பிடிக்கும்.

ஓட்டறப்பவும் கப்பல்லயும்

கிளம்பறதுக்கு முன்னாடி சிலிண்டர்ல வால்வ மூடிடுங்க. மோதினா தானா மூடற ரெகுலேட்டரும் ஹோஸ் அறுந்தா மூடற வால்வும் ரெண்டும் இருந்தா தான் ஓட்டறப்ப ஹீட்டர் போடலாம். பெட்ரோல் பங்குக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி எல்லாம் ஆஃப், ஃபிரிட்ஜ் ஜ்வாலையும் சேத்து. ஃபெர்ரில கேஸ் மூடியிருக்கணும், ஃபோக்ஸ்டோன்ல, கடலுக்கு அடில வண்டிய பிரான்ஸுக்கு ஏத்திட்டு போற யூரோடனல் ரயில்ல ஏறறப்ப, ஆள் வந்து லாக்கர திறந்து காட்ட சொல்லுவாங்க. அங்க க்யூல நின்னுக்கிட்டு சாவி தேடாம இருக்கறதுக்கும் அந்த செவப்பு ரிப்பன் உதவுச்சு.

நாத்தம் அடிச்சா

எரியற எல்லாத்தையும் அணைங்க, கரண்ட் சுவிட்ச ஆனும் பண்ணாதீங்க ஆஃபும் பண்ணாதீங்க, போன உள்ள வச்சு பேசாதீங்க. எல்லாரையும் வெளிய எறக்குங்க, எறங்கறப்பவே கதவ விரிய திறந்து விடுங்க. சாவி, லாக்கர், வால்வ மூடுங்க. அங்க போகவே முடியாத அளவு இருந்தாலோ தீ பிடிச்சிருந்தாலோ சிலிண்டர காப்பாத்த போகாதீங்க, தூரமா போய் யூகே அவசர நம்பர் 999க்கு கூப்பிடுங்க. மூடினப்பறம் நாத்தம் போயிடுச்சுன்னு திரும்ப திறந்து பாக்காதீங்க, சிலிண்டர்ல ஒட்டியிருக்கற சப்ளையரோட எமர்ஜென்சி நம்பருக்கு கூப்பிட்டு கேளுங்க. கார்பன் மோனாக்ஸைடு வேற விஷயம், அதுக்கு நாத்தமே கெடையாது, தலைவலியும் குமட்டலுமா தான் தெரியும், அதுக்கு தனியா ஒரு அலாரம் கட்டாயம் மாட்டுங்க. எல்பிஜி அலாரம் தரை கிட்ட இருக்கணும், ரெண்டும் ஒண்ணு கெடையாது.

ஹோஸும் ஆளும்

ஹோஸ் மேல தேதி அச்சிட்டிருக்கும், செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா மொத நாளே அத படிங்க. யூகேல அஞ்சு வருஷத்துக்கு மேல ரப்பர் ஹோஸ வைக்கறது இல்ல, மடக்கிப் பாத்து மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே மாத்திடணும். ரெகுலேட்டர் சிலிண்டர் வாய விட ஒசரத்துல இருக்கணும், ஹோஸ் அதுல இருந்து கீழ நோக்கி சரிஞ்சே வரணும், நடுவுல தொங்கினா எண்ணெய் மாதிரி ஒரு கசடு சேந்து ரெகுலேட்டர அடைச்சிடும்.

சிலிண்டர் மாத்தறது நாம பண்ணலாம், பைப்புலயும் ரெகுலேட்டர்லயும் கை வைக்கறதுக்கு கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல, அதாவது யூகேல கேஸ் வேலைக்கு தகுதி உள்ளவங்க பட்டியல்ல, இருக்கற ஆள கூப்பிடுங்க. அவர் கார்ட வாங்கி பின்பக்கம் திருப்பிப் பாருங்க, எல்பிஜியும் மோட்டார்ஹோம் மாதிரி வண்டிங்களும் அதுல எழுதியிருக்கணும், வீட்டு பாய்லர் பாக்கறவர் எல்லாரும் இதப் பாக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவ ஹேபிடேஷன் சர்வீஸ்ல, அதாவது நாம தங்கற பகுதிய சோதிக்கற சர்வீஸ்ல, கேஸ் பிரஷர் டெஸ்டும் பண்ணி பேப்பர் குடுப்பாங்க. எங்க லாக்கர் கதவு உள்பக்கம் மார்க்கர்ல மூணு வரி எழுதி வச்சிருக்கேன்: ஹோஸ் தேதி, கடைசி டெஸ்ட் தேதி, கீழ பெருசா "கழட்ட வலம், மாட்ட இடம்".